எண் புதிர்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 9×9 சுடோகுவில் பாதியிலேயே மாட்டிக்கொள்கிறேன். 4×4இலிருந்து தொடங்கினால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அங்கேயே தங்கிவிட வேண்டாம். 4×4இல் ஒரு கட்டத்தில் மூன்று எண்கள் வராது என்று கழித்துவிட்டால் அதன் விடை கிடைத்துவிடும். விதி பழகப் பத்துப் புதிர்கள் போதும். பிறகு 6×6க்கு வாருங்கள். மொத்தம் 36 கட்டங்கள்தான் என்பதால், எங்கே சறுக்கினோம் என்று திரும்பிப் பார்க்க முடியும்.

கேள்வி: 6×6 புதிரில் கடைசியில் ஒரே வரிசையில் இரண்டு 3 வந்து நிற்கின்றன. அந்த இடத்தை அழித்து எழுதினாலும் சரியாவதில்லை. ஏன்?

பதில்: தவறு அங்கே நடக்கவில்லை. பல எண்களுக்கு முன்பே, ‘3 வரலாம்’ என்ற இடத்தில் ‘3தான்’ என்று எழுதியிருப்பீர்கள். சரியாக அமைத்த புதிருக்கு விடை ஒன்றே. ஆகவே எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் சொல்ல முடிய வேண்டும்.

காரணம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். வரிசை, பத்தி, தடித்த கோட்டால் பிரித்த பெட்டி மூன்றிலும் 1 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறைதான் வர வேண்டும். ஒரு பெட்டிக்கு 2 வரிசை, 3 பத்தி. முதல் வரிசையின் 5 இடப்பெட்டியில் இருக்கிறது. அப்படியானால் வலப்பெட்டியின் 5 இரண்டாம் வரிசையில்தான் வரும்; அங்கே மூன்று கட்டங்கள். நான்காம் பத்தியில் கீழே ஒரு 5 இருப்பதால் அந்தக் கட்டம் கழிந்தது. ஆறாம் பத்திக் கட்டத்தில் ஏற்கெனவே 2 இருக்கிறது. மிஞ்சுவது ஐந்தாம் பத்தி. அங்கே 5ஐத் தயங்காமல் எழுதலாம்.

இப்படி எதுவும் சிக்காதபோது மட்டும், வரக்கூடிய எண்களைப் பென்சிலால் மூலையில் சிறிதாகக் குறியுங்கள். ஒரு வரிசையில் இரண்டு கட்டங்களில் 1, 4 மட்டுமே மிஞ்சினால், அந்த வரிசையின் மற்ற கட்டங்களில் 1, 4 குறிகளை அடித்துவிடலாம். பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த வேலையில்: ஓர் எண்ணை உறுதியாக எழுதியதும், அதே வரிசை, பத்தி, பெட்டி மூன்றிலும் அந்தக் குறியை அழிக்க வேண்டும். பெட்டியை மறந்துவிடுகிறார்கள். பழைய குறியை நம்பி எழுதும் அடுத்த எண் பிசகிவிடுகிறது.

கேள்வி: கென்கென் புதிரில் எங்கே தொடங்குவது? ஒரே கூண்டுக்குள் ஓர் எண் இரண்டு முறை வரலாமா?

பதில்: ஜப்பானியக் கணித ஆசிரியர் டெட்சுயா மியாமோட்டோ 2004இல் உருவாக்கிய புதிர் இது. தடித்த கோட்டால் சூழ்ந்த கட்டங்களின் தொகுதிதான் கூண்டு; அதில் குறித்த கணக்குக்கு உள்ளே வரும் எண்கள் பொருந்த வேண்டும். 4×4இல் ஒரே வழி உள்ள கூண்டுகளை முதலில் தேடுங்கள். இரண்டு கட்டக் கூண்டில் கூட்டல் 3 என்றால் 1, 2; கூட்டல் 7 அல்லது பெருக்கல் 12 என்றால் 3, 4; கழித்தல் 3 என்றால் 1, 4. கூட்டல் 5க்கு இரண்டு வழி உண்டு (1, 4 அல்லது 2, 3). அதைப் பிறகு பார்க்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் 1 முதல் 4 வரை ஒரு முறை வருவதால் அதன் கூட்டுத்தொகை 10. ஒரே வரிசையில் மூன்று கட்டக் கூண்டில் கூட்டல் 8 என்றால், நான்காவது கட்டம் 2.

கூண்டுக்குள் எண் திரும்ப வரலாம்; வரிசையிலும் பத்தியிலும்தான் கூடாது. ‘ட’ வடிவ மூன்று கட்டக் கூண்டில் கூட்டல் 4 என்றால் 1, 1, 2 தவிர வழியில்லை. மூலைக் கட்டம் மற்ற இரண்டோடும் வரிசையையோ பத்தியையோ பகிர்வதால் அங்கே 1 வராது. எனவே மூலையில் 2, இரு முனைகளிலும் 1.