74 வயது அம்மாவின் இரத்தப் பரிசோதனையில் எம் பேண்ட் வந்திருக்கிறது, எம்ஜியுஎஸ் என்கிறார்கள். இது புற்றுநோயா? முதியவர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்?

எம்ஜியுஎஸ் (MGUS) என்பது ஒரே வகை எதிர்ப்பொருள் (நோயை எதிர்க்கும் புரதம்) மட்டும் இரத்தத்தில் தனித்துத் தெரியும் நிலை. புற்றுநோய் அல்ல. அந்த வயதில் இருபது பேரைச் சோதித்தால் சுமார் ஒருவருக்கு இருக்கும். உங்கள் அம்மாவுக்கு இது தெரியவந்திருக்கிறது. பலருக்குத் தெரியாமலேயே காலம் முடிந்துவிடுகிறது.

நான் ஆய்வகத்தில் வேலை செய்பவன். இந்தப் பரிசோதனையில் ஜெல்லின் மேல் சிறிதளவு சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) வைத்து மின்சாரம் செலுத்துவோம். புரதங்கள் தனித்தனியாகப் பிரிந்து ஓடும். ஒரு முனையில் ஆல்புமின் தடித்த பட்டையாக நிற்கும். மறுமுனையில் காமா பகுதி. எதிர்ப்பொருள்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவற்றில் எண்ணற்ற வகைகள் உண்டு என்பதால் அந்த இடம் பனி படர்ந்ததுபோல் மங்கலாகத் தெரியும். எதிர்ப்பொருள் சுரப்பவை பிளாஸ்மா செல்கள். ஒரே பிளாஸ்மா செல்லிலிருந்து கிளைத்த கூட்டம் ஒரே வார்ப்பில் எதிர்ப்பொருளைச் சுரந்தால், அந்த மங்கலுக்குள் தெளிவாக ஒரு கோடு விழும். அதுதான் எம் பேண்ட்; அதிலுள்ள புரதம் எம் புரதம்.

2014இல் அப்படி ஒரு கோட்டை என் அப்பாவின் சீரத்தில் பார்த்தேன். அவருக்கு அப்போது 69 வயது. இஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகம்) குறையவே இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனை அது. எத்தனையோ பேருடைய ஜெல்லில் பார்த்த கோடுதான். ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் என்றொரு கவுண்டி இருக்கிறது. மேயோ கிளினிக் என்னும் பெரிய மருத்துவமனை இருப்பது அங்கேதான். இந்த நிலைக்கு 1978இல் இப்போதைய பெயரை வைத்த மேயோ மருத்துவர் ராபர்ட் கைலும் அவரது குழுவினரும் அங்கு வாழ்ந்த 50 வயதுக்கு மேற்பட்ட 28,038 பேரில் 21,463 பேரின் சீரத்தைச் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 694 பேருக்கு, அதாவது 3.2 சதவீதத்தினருக்கு, இது இருந்தது. 70 வயதைத் தாண்டியவர்களில் 5.3 சதவீதம், 85ஐத் தாண்டியவர்களில் 7.5 சதவீதம். பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். இந்த அளவு எல்லா மக்களிடமும் ஒன்றாக இருப்பதில்லை. கறுப்பின மக்களிடம் இரண்டு மூன்று மடங்கு கூடுதல், ஜப்பானியரிடம் குறைவு.

அடுத்த எண்தான் முக்கியம். இந்த நிலையில் உள்ள நூறு பேரில் ஆண்டுக்குச் சுமார் ஒருவருக்கு இது மல்டிபிள் மைலோமா என்னும் பிளாஸ்மா செல் புற்றுநோயாகவோ அதையொத்த நோயாகவோ மாறுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் முதுமையில் வரும் இதய நோய் போன்ற வேறு காரணங்களால்தான் இறக்கிறார்கள்.

ஆனால் ஆண்டுகள் கழியக் கழிய இந்த ஆபத்து தேய்ந்து மறைவதில்லை. "பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை, இனி எதற்குப் பரிசோதனை?" என்று நிறுத்திவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மாறியவர்களும் உண்டு.

அறிக்கையில் மூன்று விஷயங்களை மருத்துவரிடம் கேளுங்கள். எதிர்ப்பொருள் ஐஜிஜி வகையா? எம் புரதம் ஒரு டெசிலிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே இருக்கிறதா? கப்பா, லாம்டா என்னும் இலகு சங்கிலிகளின் (எதிர்ப்பொருளின் சிறு பகுதிகள்) விகிதம் இயல்பாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால், 20 ஆண்டுகளில் நோயாக மாறும் வாய்ப்பு 5 சதவீதம்தான். மூன்றுக்கும் இல்லை என்றால் 58 சதவீதம்; அவர்களை அடிக்கடி பார்க்க வேண்டும். என் அப்பாவுக்கு மூன்றும் சாதகமாக வந்தன. அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் அவரிடம் முழுதாகச் சொன்னேன்.

இதற்கு மாத்திரையோ பத்தியமோ கிடையாது. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எம் புரதம், ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம் ஆகியவற்றைப் பார்த்துவர வேண்டும், அவ்வளவே. பழைய அறிக்கைகளை ஒரே கோப்பில் வைத்திருங்கள். ஒற்றை எண்ணைவிட அது ஏறுகிறதா என்பதே மருத்துவருக்குத் தேவை.

இடையில் முதுகெலும்பிலோ விலா எலும்பிலோ வலி வந்து நீங்காமல் இருந்தாலும், காரணமில்லாத சோர்வோ எடைக் குறைவோ தெரிந்தாலும், "வயதானால் அப்படித்தான்" என்று அம்மாவே சொன்னாலும், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அழைத்துச் செல்லுங்கள்.