பள்ளி மைதானம் மாலையில் கிடைக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: பக்கத்துப் பள்ளி மைதானம் மாலை ஐந்துக்கு மேல் பூட்டியே கிடக்கிறது. இரண்டு முறை கேட்டும் தலைமையாசிரியர் 'பார்க்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எப்படிக் கேட்டால் கிடைக்கும்?

ப: சாவி யார் கையில், உடைந்ததற்கு யார் பொறுப்பு, அடிபட்டால் யாரைக் கேட்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கோரிக்கைக்கு 'பார்க்கலாம்' தவிர வேறென்ன சொல்ல முடியும்! அனுமதி தரும் அதிகாரமே பல இடங்களில் அவரிடம் இருக்காது. கட்டடம் யாருடையதோ அந்த நிர்வாகத்துக்கு எழுதி, நகலை அவரிடம் கொடுங்கள்.

கடிதத்தில் என்ன விளையாட்டு, எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, அதிகபட்சம் எத்தனை பேர் என்று எழுதுங்கள். பொறுப்பேற்கும் இரண்டு பெரியவர்களின் பெயர் வேண்டும். ஒருவர் ஊரில் இல்லாத நாளில்தான் பிரச்சினை வரும். தினமும் வேண்டும் என்று கேட்காதீர்கள். வாரம் இரண்டு நாள், மூன்று மாதச் சோதனை போதும். தேர்வு, பள்ளி விழா நாட்களில் பள்ளிக்கே முன்னுரிமை என்பதை நீங்களே எழுதிவிட்டால் பாதி தயக்கம் போய்விடும். மாணவர்கள் வெளியேறுவதற்கும் நீங்கள் நுழைவதற்கும் நடுவே அரை மணி நேரம் விடுங்கள்.

அனுமதி கிடைத்த முதல் நாள், பள்ளி ஆள் ஒருவருடன் மைதானத்தைச் சுற்றி வந்து வேலி, கம்பம், குழாய், கழிப்பறைக் கதவு எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். இல்லாவிட்டால் பழைய விரிசலும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

கே: மைதானத்தை மட்டும் திறந்து, வகுப்பறைகளைப் பூட்டி வைக்க முடியாதா?

ப: கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது பிரதான கட்டடத்துக்குள் இருந்தால், மைதானத்தைத் திறப்பது பள்ளியையே திறப்பதுதான். தாழ்வாரத்தை மறிக்கும் ஒரு கம்பிக் கதவும், மைதானப் பக்கம் தனி வாசலும் இருந்தால் முக்கால் வேலை முடிந்தது. சாவிக்கு நகல் எடுக்க விடாதீர்கள். ஒன்று நாளடைவில் ஐந்தாகும். எண் பூட்டு மேல். பருவத்துக்கொரு முறை எண்ணை மாற்றிவிடலாம்.

கே: இரவு விளக்கு எரித்தால் மின்கட்டணம் எவ்வளவு ஏறும்?

ப: 200 வாட் எல்இடி விளக்கு 12 என்றால் மொத்தம் 2.4 கிலோவாட். இரண்டு மணி நேரம் எரித்தால் 4.8 யூனிட். விளக்குகளுக்குத் தனி மீட்டர் வைத்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. ஊகித்துப் பங்கு போடுவதில்தான் மனக்கசப்பு தொடங்கும். அண்டை வீட்டாரின் புகார் பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவைவிட விளக்கின் சாய்வால் வருகிறது. விளக்கைத் தரை நோக்கித் தாழ்த்தி, மேலே மறைப்புத் தகடு பொருத்துங்கள்.

கே: திறந்துவிட்ட சில மாதங்களில் புல் போய்விட்டது என்று பள்ளியில் குறை சொல்கிறார்கள்.

ப: தேய்வது மைதானம் முழுக்க அல்ல, கோல் கம்பங்களுக்கு முன்னுள்ள இடமும் நடுப்பகுதியும்தான். நகர்த்தக்கூடிய கோல் கம்பங்களை வாரந்தோறும் இடம் மாற்றுங்கள், பயிற்சியை ஓரங்களில் நடத்துங்கள். மழைக்குப் பிறகு குதிகாலால் அழுத்திப் பாருங்கள்; தண்ணீர் மேலே வந்தால் அன்று விளையாட்டு வேண்டாம். ஈர மண்ணில் ஓடினால் மண் இறுகி, வேருக்குக் காற்று போகாது.

அந்தக் கம்பங்களைப் பற்றி இன்னொன்று, இது புல்லைவிட முக்கியம்: குழந்தைகள் மேல்கம்பியில் தொங்கினால் அவை முன்பக்கமாகக் கவிழும். உயிரிழப்புகள் நேர்ந்திருக்கின்றன. பின்கம்பியை மண்ணில் ஆணியடித்தோ கனமான மணல் மூட்டை வைத்தோ இறுக்குங்கள். ஆட்டம் முடிந்ததும் வேலியோடு சங்கிலியிட்டுப் பூட்டுங்கள்.

கே: உள்ளரங்கில் பூப்பந்து ஆடலாமா?

ப: ஆடலாம். தெருவில் போட்ட காலணியோடு ஏறக் கூடாது. மணல் துகள் மரத்தளத்தைக் கீறிவிடும். தளத்தில் கறை பதிக்காத அடிப்பகுதி உள்ள காலணி தனியாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துடைப்பானால் துடைத்தால் போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பலகை ஊதி, இணைப்புகள் எழும்பும்.

கே: பள்ளியின் காப்பீடு நமக்கும் பொருந்துமா?

ப: பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளி நேரத்துக்கும் மாணவர்களுக்கும் மட்டும் என்று வரையறை இருக்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; இல்லையென்றால் குழுவின் பெயரில் தனிக் காப்பீடு எடுத்து, அதன் நகலை ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.