வலி கூடினால் சுகரும் கூடுகிறது: எதற்கு முதலில் வைத்தியம்?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. 14 வருடமாகச் சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார், பிரஷருக்கு டெல்மிசார்டன். இரண்டு வருடமாக இடுப்பிலும் முட்டியிலும் தாங்க முடியாத வலி, ராத்திரியில் பாதம் எரிச்சல். நடக்கச் சொல்கிறார்கள், தெருமுனை வரைகூடப் போக முடியவில்லை. போன மாதம் முட்டியில் ஊசி போட்டதும் சுகர் 340 ஆகிவிட்டது. சுகரைப் பார்ப்பதா, வலியைப் பார்ப்பதா?

பதில்: இரண்டையும் ஒரே நோட்டில் எழுதிப் பாருங்கள். அம்மாவின் சுகரில் ஒரு பங்கு வலியால் வருவது, இன்னொரு பங்கு வலி மருந்தால் வருவது.

வலி கடுமையாக இருக்கும்போது கார்ட்டிசால், அட்ரினலின் ஹார்மோன்கள் அதிகம் சுரக்கும். கல்லீரல் தன் இருப்பிலுள்ள குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கும். இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். அதனால் வாயைக் கட்டிய நாளிலும் மீட்டர் 250 காட்டலாம். ‘எங்களுக்குத் தெரியாமல் எதையாவது சாப்பிட்டாயா’ என்று தயவுசெய்து அவரைக் கேட்காதீர்கள்.

முட்டியில் போட்ட ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அதன்பின் சில நாள், சிலருக்கு ஒரு வாரம்வரை சுகர் ஏறியே இருக்கும், பிறகு இறங்கும். அடுத்த முறை ஊசிக்கு முன்பே சுகர் டாக்டரிடம் சொல்லி, அந்த ஒரு வாரத்துக்கு மருந்தளவைக் கேட்டு வையுங்கள். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். காலையில் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரை மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும்தான் சுகரை ஏற்றும். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

இதைவிடக் கவலை தருவது மருந்துக்கடைப் பொட்டலம். ‘உடம்பு வலிக்குக் கொடுங்க’ என்றால் சின்னக் காகித உறையில் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு கேப்சூல் என்று வெட்டிப் போட்டுத் தருகிறார்களே, அது. பெயரும் இருக்காது, பில்லும் இருக்காது. அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கலாம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் இருக்கலாம். முதல் வகை சுகரை ஏற்றும். இரண்டாவது வகை கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். டெல்மிசார்டன் சாப்பிடுபவருக்கு, அதோடு நீர் பிரியும் மாத்திரையும் இருந்தால், கிட்னி பழுதாகும் ஆபத்து இன்னும் கூடும். பெயர் அச்சிட்ட அட்டை இல்லாமல் ஒரு மாத்திரைகூட வாங்காதீர்கள். பல வாரமாகப் பொட்டல மாத்திரை சாப்பிட்டிருந்தால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு சட்டென்று நின்றால் பிரஷர் விழும், மயக்கம் வரும். மிச்சமிருக்கும் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள்.

முட்டி வலிக்குப் பாராசிட்டமால் 650 என்றால் 6 மணி நேர இடைவெளியில் நாளைக்கு நாலு, அதற்கு மேல் வேண்டாம். அசிக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரைகளில் பலவற்றில் பாராசிட்டமாலும் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். ஆனால் பாத எரிச்சல் நரம்பு வலி. பாராசிட்டமால் அதைத் தொடாது. அதற்கு டுலோக்ஸெடின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் என்று வேறு மருந்துகள் உண்டு, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். பிரிகாபலினில் தூக்கக் கலக்கம், கால் வீக்கம், எடை கூடுதல் வரலாம். ராத்திரி பாத்ரூம் போகும்போது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரமடால் என்ற வலி மருந்து கொடுத்தால் சிலருக்குச் சுகர் இறங்கும், கவனம். இன்னொன்று: பல வருட மெட்ஃபார்மின் பி12 சத்தைக் குறைக்கும், அதனாலும் பாதம் எரியும். ரத்தத்தில் பி12 பார்த்துவிட்டு மேற்கொண்டு போகலாம்.

வலி நாளில் சமைக்க நிற்க முடியாமல் டீயும் பன்னும்தான் சாப்பாடு என்று ஆகிவிடும். சுகர் ஏறவும் அதுதான் காரணம், வயிறு காய்ந்து இறங்கவும் அதுதான். அவித்த முட்டை, சுண்டல், முதல் நாள் வைத்த நெத்திலிக் குழம்போடு அளவாகச் சோறு என்று எடுத்துச் சாப்பிடத் தயாராக வையுங்கள். 150 கிராம் சோற்றில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து உண்டு. கிளிமிபிரைடைத் தட்டு முன்னால் வந்தபிறகு கொடுங்கள். சாப்பிடவே முடியாத வேளைக்கு அது வேண்டாம். வியர்த்து, கை நடுங்கி, மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால் 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.

நடக்க முடியாவிட்டால் நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்காது. சாப்பிட்ட அரை மணிக்குள் ஒரு காலை நேராக நீட்டி 5 எண்ணும்வரை பிடித்து இறக்கட்டும், ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. பிறகு குதிகாலைத் தூக்கி இறக்குவது 20 முறை. மூன்று வேளையும் இதே. வேலை செய்யும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். பயிற்சியால் கூடின வலி 2 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். வலி இல்லாத நாளில் ஒரேயடியாகத் துணி துவைத்து, தண்ணீர்க் குடம் தூக்குவதுதான் அடுத்த மூன்று நாளைக் கெடுக்கும்.

பாதத்துக்கு வெந்நீர் ஒத்தடமும் சுட்ட செங்கலும் கூடவே கூடாது. எரிகிற பாதத்தில்கூடச் சூடு உறைக்காது. கொப்புளம் கண்ணில் பட்டபிறகுதான் தெரியும். இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கலாம், உங்கள் முழங்கையில் சூட்டைப் பார்த்த பிறகு.

நோட்டில் 14 நாள் எழுதுங்கள்: காலைச் சுகர், மதியச் சுகர், பத்துக்கு எவ்வளவு வலி, அன்று சாப்பிட்ட மாத்திரையின் பெயர். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ வேறெங்கோ போனாலும் அந்த நோட்டை எலும்பு டாக்டரும் சுகர் டாக்டரும் இருவரும் பார்க்கட்டும். அம்மாவால் போகவர முடியாவிட்டால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றிக் கேளுங்கள். 2021-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீடு தேடி வரும்.

சிறுநீர் அடைபட்டாலோ தன்னறியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப் போனாலோ, முதுகு வலியோடு காய்ச்சல் வந்தாலோ, 300-க்கு மேல் சுகரோடு வாந்தி எடுத்தாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு பாதம் மட்டும் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும், அந்தக் காலை ஊன்ற விடாமல் அன்றைக்கே காட்டுங்கள்.