கிறிஸ்துமஸ் கடிதத்தில் அம்மாவின் மறைவை எழுதலாமா?

கேள்வி: தூரத்தில் இருக்கும் பழைய நண்பர்கள் 30 பேருக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரே கடிதத்தை எழுதி, நகலெடுத்து அனுப்புவது என் வழக்கம். போன வருடம் ஒரு தோழி, "உன் கடிதம் கம்பெனி ஆண்டறிக்கை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். இந்த வருடம் ஜூலையில் என் அம்மா இறந்துவிட்டார். வாழ்த்துச் சொல்லும் கடிதத்தில் சாவைப் பற்றி எழுதலாமா? பேசாமல் இந்த ஒரு வருடம் விட்டுவிடட்டுமா? – ஒரு வாசகி

பதில்: விட்டுவிடாதீர்கள், எழுதுங்கள். வருடா வருடம் வரும் கடிதம் வராமல் போனால் அந்த 30 பேரில் சிலர் என்னவோ ஏதோ என்று பதறுவார்கள். சிலர், நம்மை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அம்மாவைப் பற்றி முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பையன் பரீட்சையில் தேறியது, வீட்டுக்கு வெள்ளையடித்தது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் "ஜூலையில் அம்மா போய்விட்டார்" என்று வந்தால் படிப்பவருக்குத் தூக்கிவாரிப்போடும். அதுவரை சிரித்தபடி படித்தோமே என்று மனம் குறுகும். நோயின் விவரம், ஆஸ்பத்திரி நாட்கள் எதுவும் வேண்டாம். அம்மா அம்மாவாக இருந்த ஒரு காட்சியை எழுதுங்கள். என் நண்பர் ஒருவர் தன் அப்பா இறந்த வருடம் எழுதிய கடிதத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து வைக்க மனசு வரவில்லை, தினமும் துடைத்து மறுபடி அதே ஜன்னலோரத்தில் வைக்கிறேன் என்று எழுதியிருந்தார். அவருடைய அப்பாவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த மூக்குக்கண்ணாடி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. இந்த வருடம் யாரையோ இழந்த இன்னொருவரும் உங்கள் 30 பேரில் இருக்கலாம். அவருக்கு உங்கள் கடிதம் பெரிய துணை.

சரி, தோழி சொன்ன குறைக்கு வருவோம். நகலெடுத்து அனுப்புவது ஒரு தப்பே இல்லை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கும் இதே சிக்கல்தான். அத்தனை பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி, சுமார் 1000 வாழ்த்து அட்டைகளை அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். யாருக்கு, யாரிடமிருந்து என்பதைக் கையால் எழுத அதில் இடம் விட்டிருந்தார்கள். நீங்களும் தாளின் அடியில் நாலு விரல் அகலம் இடம் விடுங்கள். அவர்கள் போன வருடம் எழுதிய பதிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரவருக்கென்று இரண்டு வரி பேனாவால் எழுதுங்கள். முட்டிவலி எப்படி இருக்கிறது, பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாளா என்று ஒரு கேள்வி இருந்தால் பதில் எழுத அவர்களுக்கும் கை வரும். நானும் என் பெயருக்குக் கீழே இருக்கும் அந்த இரண்டு வரியைத்தான் முதலில் படிப்பேன்.

ஆண்டறிக்கை வாடை வருவது பட்டியலால். பதவி உயர்வு, மதிப்பெண், புதுக் கார் என்று அடுக்கினால் எல்லா வீட்டுக் கடிதமும் ஒரே மாதிரிதான் இருக்கும். மகள் வயலின் தேர்வில் முதல் வகுப்பு என்பதை விட, கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மெட்டை ராத்திரி பத்து மணி வரை இழுத்ததில் வீடே அதை முணுமுணுக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மகள் கண்முன்னே வந்து நிற்பாள். ஆனால் பிள்ளைகளைப் பற்றி எழுதுவதை முதலில் அவர்களிடம் படித்துக் காட்டிவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். மொத்தமும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்.

நவம்பர் கடைசியில் உட்கார்ந்தால், ஒரு நாளைக்கு ஐந்து கடிதம் என்று ஆறு நாளில் முடித்துவிடலாம். பிந்திவிட்டாலும் கவலை வேண்டாம். கிறிஸ்துமஸ் காலம் 12 நாள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குள் போய்ச் சேர்ந்தாலும் அது கிறிஸ்துமஸ் கடிதம்தான்.

அப்புறம் ஒன்று. அம்மாவை நேரில் அறிந்தவர்கள், அவர் கையால் சாப்பிட்டவர்கள் அந்த 30 பேரில் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது என்றால், நகலெடுத்த தாளில் தெரியவேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுவதற்கு முன்னாலேயே அவர்களைப் போனில் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.