சென்னைக்குப் போகாமல் நூல் செம்மையாக்கமும் சிறு பதிப்பகமும் நடத்திப் பிழைக்க முடியுமா?

கேள்வியின் விளக்கத்தில், தமிழ் முதுகலை படித்திருப்பதாகவும், எழுத்துப் பிழை பார்க்கத் தெரியும் என்றும், காரைக்குடியில் சொந்த வீடு இருப்பதாகவும், இவை போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகை இல்லாதது பெரிய பலம்தான். படிப்பும் உதவும். ஆனால் எழுத்துப் பிழை பார்ப்பதையே செம்மையாக்கம் என்று நீங்கள் எண்ணியிருப்பதாகத் தெரிவதால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

காரைக்குடியிலிருந்தே 22 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். என் பதிப்பகம் இதுவரை வெளியிட்டவை 31 நூல்கள். அவற்றுள் போட்ட முதலைத் திருப்பித் தந்தவை ஒன்பதோ பத்தோ இருக்கலாம். அப்படியானால் சோற்றுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். அறுபதாம் கலியாணத்துக்கும் எண்பதாம் கலியாணத்துக்கும் வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஒரு நூலும் கொடுக்கிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. திருமுறைத் திரட்டாகவோ குடும்ப வரலாறாகவோ 500, 1000 பிரதிகள் அச்சிடுவார்கள். அச்சுக்கூலி விழா வீட்டாருடையது. தொகுத்து, மெய்ப்புப் பார்த்து, அட்டை வரைக்கும் முடித்துக் கொடுக்கிற கூலி என்னுடையது. குடமுழுக்கு மலர்களும் அப்படியே. இதெல்லாம் இலக்கியப் பதிப்பாகுமா என்று முகம் சுளிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய கவிதைத் தொகுப்புகள் அந்தக் கூலியில்தான் அச்சாகின என்பதை இதுவரை அவர்களிடம் சொன்னதில்லை. கட்டுரைகளும் எழுதுகிறேன்; சிற்றிதழ்க் கட்டுரைக்குச் சன்மானமாக எனக்குப் பெரும்பாலும் இதழின் இரண்டு பிரதிகளே வந்திருக்கின்றன.

'சென்னைக்குப் போகாமல்' என்று கேட்டிருப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். பதிப்புத் தொழிலுக்குச் செட்டிநாடு கொடுத்த ஆட்கள் ஏராளம். 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கி, 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு மக்கள் கையில் கொடுத்த வை. கோவிந்தன் இராயவரத்துக்காரர். முல்லை முத்தையாவும் தமிழ்ப்பண்ணை சின்ன அண்ணாமலையும் தேவகோட்டைப் பக்கத்தவர்கள். ஆனால் இவர்கள் எல்லாரும் சென்னைக்குப் போய்த்தான் பதிப்பகம் நடத்தினார்கள். கோட்டையூரில் வீடு நிறையப் பழைய நூல்களைச் சேர்த்து வைத்திருந்த ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. நூலகம் அமைந்தது சென்னையில். ஆள்கள் போனார்கள், பின்னால் புத்தகங்களும் போயின. ஊரோடு இருந்து இத்தொழிலைச் செய்ய நினைக்கிறவருக்கு முன்மாதிரி குறைவு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். சாதிப் பெருமை பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வகுப்பைச் சேர்ந்தவனும் அல்லன். அந்தக் கடைசி விவரம் இனிச் சொல்லப்போவதற்கும் தேவைப்படுகிறது.

2012இல் ஒரு பெரியவர் தம் கைப்பிரதியைக் கொண்டுவந்தார். 1950களில், பதினாறு வயதில், பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் பார்க்க, போனவர். நகரத்தாருக்குக் கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கியில் வட்டிக்கடைப் பெட்டிக்கு அருகே உட்கார்ந்து கழித்த ஆறு ஆண்டுகளைக் கோடு போட்ட கணக்கு நோட்டுகள் நான்கில் நிறுத்தி நிதானமாக எழுதியிருந்தார். எழுதியவர் எழுத்தாளர் அல்லர் என்பதே அதன் அழகு. அதை 176 பக்கத்தில், பதினொரு பாரங்களாக (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பதினாறு பக்கம் ஒரு பாரம்), 300 பிரதிகள் அச்சிட்டேன். அவரிடம் ஒரு காசும் வாங்கவில்லை.

அந்த நோட்டுகளில் 'அடுத்தாள்' என்றொரு சொல் அடிக்கடி வந்தது. 'சாவி அடுத்தாளிடம் இருக்கும்', 'பேரேட்டை அடுத்தாள் எழுதுவார்', 'அடுத்தாள் சாப்பிட்டு வந்த பிறகுதான் நான் எழுந்திருக்கலாம்' என்றெல்லாம் எழுதியிருந்தார். மரியாதையான மனிதர் ஏன் பிறரை 'ஆள்' என்று எழுதுகிறார், பேச்சுவழக்கு உள்ளே புகுந்துவிட்டது போலும் என்று தீர்மானித்து, கணினியில் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் 'அடுத்தவர்' என்று மாற்றினேன். வேற்றுமை உருபேற்ற இடங்களையும் தனித்தனியாகத் தேடித் திருத்தினேன். எந்த அகராதியையும் திறக்கவில்லை. அவரிடமும் கேட்கவில்லை. நடை சீராகிவிட்டது என்ற நிறைவு மட்டும் இருந்தது.

புத்தகம் வந்ததும் அவருக்குரிய 25 பிரதிகளைக் கட்டாக எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஆச்சி காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். பெரியவர் முகப்பில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் படித்தார். பதினைந்து நிமிடம் கழித்து விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தம்பி, இந்த அடுத்தவர் யாரு?"

எனக்கு விளங்கவில்லை. 'அடுத்தாள்' என்று நீங்கள் எழுதியதைத்தான் மாற்றியிருக்கிறேன், ஐயா என்றேன்.

"கடையில மேலே ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். அதுக்கும் கீழே பெட்டியடிப் பையன், அது நான். அடுத்தாள்ங்கிறது ஒரு வேலைப் பேரு தம்பி. நீங்க அவரைத் தெருவில போறவரா ஆக்கிட்டீங்களே."

கோபமாகச் சொல்லவில்லை. பிழைதிருத்தம் ஒன்று அச்சிட்டு உள்ளே வைத்தால் போதும் என்றும் அவரே சொன்னார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், 'பெட்டியடிப் பையன்' என்பதைக் கேள்விப்பட்டிருந்ததால் அதைத் தொடாமல் விட்டவன், அடுத்த படியைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மறுபதிப்பாகப் போட்டுவிட இது மறுபதிப்புக் காணும் நூலும் அன்று. அச்சகத்தாரிடம் பேசினேன். முதுகை வெட்டிப் பிரித்து, பிழையுள்ள பாரங்களை மட்டும் புதிதாக அச்சிட்டுச் சேர்த்து, ரேப்பர் என்கிற மேலட்டையும் புதிதாகப் போட்டு ஒட்டிக் கொடுக்கலாம், ஆனால் ஓரத்தில் கால் அங்குலம் போகும் என்றார். கைப்பிரதியை மீண்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'அடுத்தவர்' என்று உண்மையிலேயே வரவேண்டிய இடங்களை விட்டுவிட்டு, மற்றவற்றைக் கண்ணாலேயே தேடி 41 இடங்களைக் கண்டேன். அவை நான்கு பாரங்களில் இருந்தன. அந்த நான்கையும் மாற்றினோம். என் இரண்டு மாத வருமானம் அதில் போயிற்று. மற்ற நூல்களோடு அடுக்கினால் இன்றும் அந்த நூல் மட்டும் உள்ளடங்கி நிற்கும்.

அது தேவையற்ற செலவு, ஒரு சொல்லுக்காகவா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கணக்காகப் பார்த்தால் தேவையற்றதுதான். அதன்பின் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஆசிரியர் ஒரே சொல்லை மூன்று முறைக்குமேல் 'தவறாக' எழுதியிருந்தால், அது தவறில்லை என்றே எடுத்துக்கொண்டு அவரிடம் போய்க் கேட்பது. சென்னையில் உட்கார்ந்திருந்தால் இப்படி நடந்து போய்க் கேட்க முடியாது. ஊரில் இருப்பதன் லாபமாக நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

கிரியா ராமகிருஷ்ணன் ஆசிரியர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்துத்தானே நூல்களைக் கொண்டுவந்தார், தமிழில் முறையான செம்மையாக்கம் எப்போதோ வந்துவிட்டதே என்று பின்னூட்டத்தில் எழுத வருபவர்களுக்கு: உண்மை, மறுக்கவில்லை. 1974இல் பதிப்பகம் தொடங்கி, 1992இல் தற்காலத் தமிழுக்கு ஓர் அகராதியும் கொண்டுவந்தவர் அவர். அந்த அகராதி அன்றைக்கு என் மேசைமேல்தான் இருந்தது. நான் சொல்வது அத்தகைய வேலைக்குக் கூலி கேட்டால், நல்ல எழுத்தாளர்களே, "அப்படி என்ன செய்துவிட்டீர்கள்" என்று கேட்கிற நிலை இன்னும் மாறவில்லை என்பதைத்தான். அந்தப் பினாங்கு நூலுக்கு வந்த ஒரே மதிப்புரை, ஆசிரியரின் 'தங்குதடையற்ற இயல்பான நடை'யைப் பாராட்டியிருந்தது. நான்கு நோட்டுகளை முன்பின்னாக வரிசை மாற்றியதும், ஒரே கப்பல் பயணத்தை அவர் மூன்று இடத்தில் எழுதியிருந்ததை ஒன்றாக்கியதும் நான். பெயர் போடவில்லை என்பது குறையன்று. பெயர் வேண்டாம் என்றவனும் நானே. இருந்தாலும் எழுதத் தோன்றுகிறது.

விற்பனையைப் பொறுத்தவரை சுருக்கமாக: கடைகளுக்கு 35 முதல் 40 விழுக்காடு கழிவு கொடுக்கவேண்டியிருக்கும். விற்றபின் தருவதாகச் சொல்லி என்னிடம் 60 பிரதிகள் வாங்கிய ஒரு கடையிலிருந்து ஆறு ஆண்டாகப் பணம் வரவில்லை. நூலகங்களுக்காக அரசு நூல் வாங்கும் நூலக ஆணையை நம்பி அச்சிடாதீர்கள், வந்தால் வரவு. முதல் நூலை 300க்கு மேல் போடாதீர்கள்.

பெரியவர் மறைந்து சில மாதங்கள் ஆனபின், ஆச்சி ஒரு பிரதியைக் கொடுத்தனுப்பினார்கள். திருத்திக் கட்டிய பிரதி. பேரேட்டைச் சரிபார்ப்பதுபோல, 'அடுத்தாள்' வந்த ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில், கணக்குப்பிள்ளை எழுத்தில், 'மொத்தம் 43. திருந்தியது 41. பாக்கி 2' என்று எழுதி, 131, 138 என்று பக்க எண்ணும் குறித்திருந்தார். இரண்டும் ஒன்பதாம் பாரம். நான் மாற்றாமல் விட்ட பாரங்களில் ஒன்று. இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகள் அதற்குள் வெளியே போயிருந்தன.