அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில் நாய்க்குப் பேதி

ஆர்.வி.யில் (தங்கும் வசதியுள்ள வண்டி) ஒரிகன் கடற்கரையோரம் போகும்போது, பந்து விளையாடிய நாட்களில் நாய்க்குப் பேதியாகிறது, பயணத்தை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். பாதியில் நிறுத்த வேண்டாம் சார். கடற்கரையில் விளையாடிய நாட்களில் மட்டும் பேதியாகிறது என்றால், வண்டியின் குலுக்கலோ புதுத் தீனியோ காரணமாக இருக்காது. பந்தைக் கவ்வும்போது விழுங்கும் கடல்தண்ணீர்தான். அலையில் ஊறிய டென்னிஸ் பந்தைப் பிழிந்து பாருங்கள், எவ்வளவு உப்புத்தண்ணீர் என்று தெரியும்.

இரண்டு நாள் பந்தை வண்டியிலேயே வைத்துவிட்டு, வாரில் பிடித்து நடத்துங்கள். கால் மணிக்கொரு தரம் நல்ல தண்ணீர் காட்டுங்கள். பேதி நின்றால் விஷயம் அதுதான். வாந்தி நிற்காமல் போனாலோ, தள்ளாடினாலோ உடனே டாக்டர்.

ஒன்று கேட்க வேண்டும்: 101ஆம் நெடுஞ்சாலையோர ஆற்று முகத்துவாரத்தில் யாராவது போட்டுவிட்டுப் போன சமைக்காத சால்மன் மீனை நாய் தின்றதா? அந்தப் பக்கத்து சால்மனில் இருக்கும் ஒட்டுண்ணி சுமந்துவரும் பாக்டீரியா, ஒரு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சலில் தள்ளும். வைத்தியம் பார்க்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் மீன் விஷயத்தை முதலில் சொல்லுங்கள்.