நாய் ஓயாமல் பாதத்தை நக்குவது பழக்கமா, நோயா?

உங்கள் நாய் நாள் முழுவதும் முன்பாதத்தை நக்குவதாகவும், இது வெறும் பழக்கம்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாய்களும் பூனைகளும் வளர்த்துவரும் என்னைக் கேட்டால், அரிப்பு, வலி, குமட்டல் ஆகிய மூன்றும் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே, பழக்கம், சலிப்பு, பதற்றம் போன்ற காரணங்களை யோசிக்க வேண்டும் என்பேன்.

எந்த இடத்தை நக்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஒரே பாதம் என்றால் முள், நகப்பிளவு, மூட்டுவலி இவற்றில் ஒன்றாக இருக்கலாம். பாதங்கள் எல்லாவற்றையும் மாறி மாறி நக்கினால் பெரும்பாலும் ஒவ்வாமைதான். தூசியில் வாழும் நுண்பூச்சிகளோ, மகரந்தமோ, உணவில் உள்ள புரதமோ அதைத் தூண்டக்கூடும். விரல்களுக்கிடையே ஈரம் தங்குவதால் பூஞ்சைத் தொற்றும் சேர்ந்துகொண்டு, அரிப்பை மேலும் வளர்க்கிறது. வெளிர்நிற நாய்களின் பாத முடி செம்பழுப்பாக மாறுவது உமிழ்நீர்க் கறையே. ஆசனவாயை நக்கினால் அதன் இருபுறமும் உள்ள சுரப்பிகள் அடைத்திருக்கலாம். தரையையும் சுவரையும் நக்கும் நாய்க்கு வயிற்றுக் கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும்.

வாலடியை நக்கினால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகியுங்கள். ஒவ்வாமை உள்ள விலங்குக்கு ஓரிரு கடிகளே போதும் என்பதால், பூச்சி கண்ணில் படாமலும் இருக்கலாம். முடியைச் சீவும்போது உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத்தாளில் வைத்தால் செந்நிறம் பரவுகிறதா என்று பாருங்கள். பரவினால் அது பூச்சியின் கழிவு. கூட்டுப்புழுக்கள் தரைவிரிப்பில் நெடுநாள் பிழைத்திருக்கும் என்பதால், வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும் குறைந்தது 3 மாதங்கள் மருந்து தொடர வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் இடாதீர்கள்; அது உயிரையே பறிக்கும்.

உணவு ஒவ்வாமையை உறுதிசெய்ய, மருத்துவர் சொல்லும் ஒரே உணவைச் சுமார் 8 வாரங்கள் கொடுக்க வேண்டும். இடையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் சோதனை வீண். கழுத்தில் மாட்டும் கூம்புப்பட்டை புண் ஆற உதவுமே தவிர, காரணத்தைப் போக்காது. நமக்கான களிம்புகளைத் தடவ வேண்டாம். தடவியது அத்தனையும் வயிற்றுக்குள்தான் போகும், துத்தநாகம் கலந்தவை நஞ்சாகவும் மாறும். அதட்டினால் பதற்றம் கூடி, மறைவில் போய் நக்கும்.

தோல் தடித்து, முடி உதிர்ந்து, கசியும் புண்ணாகியிருந்தால் ஆழமான தொற்று இருக்கலாம். அதற்குப் பல வாரச் சிகிச்சை தேவைப்படும். பூனை வளர்ப்போருக்கும் ஒரு குறிப்பு: ஆண் பூனை பிறப்புறுப்பை ஓயாமல் நக்கி, சிறுநீர் கழிக்க முக்கியும் வராமல் தவித்தால், விடியும்வரைகூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.